புது வீடு கட்டும்போது கூடுதல் காசை எதில் போடுவது? கடைக்கால் முதல் பெயின்ட் வரை முழு வழிகாட்டி

கிரகப்பிரவேசம் முடிந்த நான்காவது வருடம், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடித்த அப்பா வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். ஹாலைத் தாண்டினார், படுக்கையறைக்குள் போனார். பாத்ரூம் வாசலில் வாக்கர் நின்றுவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் பாத்ரூம் கதவு என்றால் இரண்டரை அடி. அந்த இரண்டரை அடி நிலையோடு சேர்த்து. இரண்டு பக்கக் கட்டையும் போக உள்ளே கிடைப்பது இரண்டடியும் ஓரிரு அங்குலமும்தான். அப்பா வாக்கரை வெளியே விட்டுவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. அரை அடி கூடுதல் அகலமான கதவுக்குக் கட்டும்போது ஆகியிருக்கக்கூடிய கூடுதல் செலவு சில ஆயிரம். அதே வீட்டில் ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட அதைப் போலப் பல மடங்கு கொடுத்திருந்தோம்.

அதற்குப் பிறகு வீடு கட்டுகிறேன் என்று சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் நான் சொல்வது இதைத்தான்: சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போகிற காரியங்களை முதலில் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதைப் பிறகு பார்க்கலாம். எதை எந்தக் கட்டத்தில் முடிவு செய்ய வேண்டும் என்பதைக் கட்டுமான வரிசையிலேயே கீழே சொல்கிறேன். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. கான்கிரீட் விழுந்த பிறகு வரும் யோசனைக்குச் செலவு அதிகம்.

அக்ரிமென்டில் கையெழுத்துப் போடும் முன்

தமிழ்நாட்டில் பெரும்பாலும் சதுர அடி ரேட்டில்தான் வீடு பேசுகிறோம். அந்த ரேட்டுக்குள் என்னென்ன அடங்கும் என்பதில்தான் எல்லாச் சண்டையும் வருகிறது. கான்ட்ராக்டரிடம் எழுதி வாங்க வேண்டியவை: எந்தக் கம்பி, எந்த சிமென்ட், வெளிச்சுவர் எத்தனை அங்குலம், டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார், ஓர் அறைக்கு எத்தனை லைட் பாயின்ட், பாத்ரூம் ஃபிட்டிங்ஸுக்கு எவ்வளவு, சம்ப்பும் காம்பவுண்ட் சுவரும் உள்ளேயா வெளியேயா.

இந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் கூடுதல் வேலைக்குச் சரியாகப் பேரம் பேச முடியும். டைல்ஸுக்குச் சதுர அடிக்கு 50 ரூபாய் என்று பேசியிருக்கிறீர்கள், உங்களுக்குப் பிடித்தது 80 ரூபாய் டைல்ஸ் என்றால், நீங்கள் தர வேண்டியது 30 ரூபாய் வித்தியாசமும் சேதாரத்துக்குக் கொஞ்சமும் மட்டுமே. பலர் முழு 80-ஐயும் தனியாகக் கொடுத்துவிடுகிறார்கள். அதேபோல் ஏதாவது ஒன்றை வேண்டாம் என்று விட்டால் அதற்கான தொகை கழிய வேண்டும். இரண்டையும் அக்ரிமென்டில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். கூடுதல் வேலை எதுவாக இருந்தாலும் ரேட் பேசி எழுதிய பிறகே தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஆசைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகள் சொல்வதையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: குடிபோன பிறகு, எதையும் உடைக்காமல் இதைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் அது இரண்டாம் பட்டியலுக்குப் போகட்டும். முடியாது என்றால் முதல் பட்டியல். ஃபால்ஸ் சீலிங், கப்போர்டு, வால்பேப்பர், இன்வெர்ட்டர், கேமரா எல்லாம் இரண்டாம் பட்டியல். கடைக்கால், தரை உயரம், கதவு அகலம், ஜன்னல் இடம், பைப், வயர், நீர்க்கசிவுத் தடுப்பு எல்லாம் முதல் பட்டியல்.

கடன் வாங்கிக் கட்டுபவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 868 ரூபாய். 240 மாதம் கட்டி முடிக்கும்போது அந்த ஒரு லட்சம் 2 லட்சத்து 8 ஆயிரமாக ஆகியிருக்கும். வாசலில் ஒட்டும் அலங்காரக் கல்லுக்கு ஒரு லட்சம் என்று யாராவது சொன்னால், மனதில் இரண்டு லட்சம் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். அந்தக் கல்லை ஐந்து வருடம் கழித்துக் கையில் இருக்கும் பணத்தில் ஒட்டிக்கொள்ள முடியும்.

மொத்த பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே வையுங்கள். மண்ணுக்கடியில் என்ன இருக்கும் என்று தோண்டும் வரை தெரியாது.

கடைக்கால்

மண் பரிசோதனைக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். களிமண், கரிசல் பூமி என்றால் இது கட்டாயம். கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். சாதாரணக் கடைக்கால் அங்கே நிற்காது, சுவர் விரிசல் விடும்.

கான்கிரீட்டைப் பொறுத்தவரை, ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதிப்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் எம் 20 (எண் கூடினால் பலம் கூடும்). கடலோரத்தில் கட்டுபவர்களுக்கு அது போதாது. அதே விதி அங்கே எம் 30 கேட்கிறது, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைத்தால், துரு உப்பிக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். கடற்கரை ஊர்களில் இருபது வருட வீடுகளின் தூண்களைப் பார்த்தாலே தெரியும். இந்தக் கூடுதல் செலவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கொடுத்துவிடுங்கள்.

தரை உயரம்தான் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம். 2015 டிசம்பரில் சென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெருவும் வருடா வருடம் உயர்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். உங்கள் தெருவில் அது நடக்கும் என்று நம்பி உயரத்தைக் குறைக்காதீர்கள். சாலையிலிருந்து மூன்றடி உயரம் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த உயரத்தில் ஒரு சிக்கல் உண்டு. சக்கர நாற்காலிக்கான சாய்வுப்பாதை ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் ஓட வேண்டும். மூன்றடி உயரத்துக்கு 36 அடி! நம் மனைகளில் அவ்வளவு இடம் ஏது? அதனால் உயரத்தை இரண்டாகப் பிரியுங்கள். மனை முழுவதையும் மண் கொட்டி ஒன்றரை அடி தூக்கிவிட்டு, மீதி ஒன்றரை அடியை வீட்டுப் படியில் வையுங்கள். அப்போது 18 அடிச் சாய்வு போதும், பக்கவாட்டுச் சந்தில் அடங்கிவிடும். இன்றைக்கே கட்ட வேண்டியதில்லை, இடம் விட்டால் போதும். படிகளை ஆறங்குல உயரத்துக்கு மேல் போக விடாதீர்கள். ஒரு பக்கம் கைப்பிடி வையுங்கள்.

கரையான் மருந்து அடிப்பது கடைக்காலிலும் தரை போடும் முன்பும் செய்ய வேண்டியது. பிறகு செய்வதென்றால் டைல்ஸில் துளை போட வேண்டும். அடிக்கும் நாளில் நீங்களோ வீட்டில் ஒருவரோ பக்கத்தில் இருங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயம். சட்டத்துக்காக ஒரு குழியைத் தோண்டி ஜல்லி போட்டு மூடுகிறவர்கள் அதிகம். கொஞ்சம் கணக்குப் பாருங்கள்: ஆயிரம் சதுர அடி மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர் விழுகிறது. சம்ப் தோண்டும்போதே பக்கத்தில் ஒரு வடிகட்டித் தொட்டி கட்டி, மாடித் தண்ணீரை அதன் வழியாகச் சம்ப்புக்கும், நிரம்பி வழிவதைக் கிணற்றுக்கோ போர் பக்கத்துக் குழிக்கோ விடலாம். முதல் மழை அழுக்கை வெளியே தள்ள ஒரு வால்வு வேண்டும். சம்ப்பை ஓரடி கூட்டுவதற்கு ஆகும் செலவும் தோண்டும் நேரத்தில் மிகக் குறைவு.

சுவர் எழும்போது

கதவுகளைப் பற்றி முன்பே சொன்னேன். வாசல் மூன்றரை அடி, அறைகளும் கீழ்த்தளப் பாத்ரூமும் மூன்றடி. பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. மாடி வீடு கட்டினாலும் கீழே ஒரு படுக்கையறையும் அதை ஒட்டிப் பாத்ரூமும் இருந்தே ஆக வேண்டும். இது வயதானவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரசவம், கால் முறிவு, ஒரு வாரக் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அந்த அறைதான்.

ஜன்னலைப் பெரிதாக்குவது இந்தக் கட்டத்தில் மலிவு. ஓர் அறைக்கு எதிரெதிராகவோ பக்கத்துப் பக்கத்துச் சுவர்களிலோ இரண்டு ஜன்னல் கிடைக்குமா என்று பாருங்கள். ஒரு ஜன்னல் மட்டும் இருந்தால் காற்று உள்ளே வந்து வெளியேற வழியில்லை. மேற்குச் சுவர் சாயங்காலம் வரை வெயில் வாங்கும். அந்தப் பக்கம் ஒன்பது அங்குலச் சுவரும் இரண்டடி சன்ஷேடும் தகும். மேற்குப் பக்கம் கழிவறை, படிக்கட்டு, அலமாரி என்று வைத்து படுக்கையறையைக் காப்பாற்ற முடிந்தால் காசே இல்லாத மேம்பாடு அது. வரைபடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

தளம் போடும் முன்

கூரை உயரத்தைப் பதினோரு அடியாக ஆக்கலாமா என்று கேட்பார்கள். அதில் செங்கல், பூச்சு, படி எல்லாம் ஏறும். பத்தடியில் நிறுத்திவிட்டு அந்தக் காசை மேல்தளத்தின் மேல் போடும் வெயில் தடுப்புக்குக் கொடுக்கச் சொல்வேன். வெயில் மேலிருந்துதானே இறங்குகிறது. சுருக்கியும் (செங்கல் தூள்) தட்டோடும் போட்ட பழைய முறையோ வெள்ளைக் கூல் டைல்ஸோ எதுவானாலும் வாட்டம் சரியாக இருந்தால்தான் பயன். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எங்கேயும் தேங்கக் கூடாது.

ஃபேன் பெட்டி, லைட் பாயின்ட், குழாய் இறங்கும் துளை எல்லாம் தளத்துக்குள்ளேயே போகிறவை. எனவே கட்டில் எந்தப் பக்கம், சாப்பாட்டு மேசை எங்கே என்று தளம் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே முடிவாகிவிட வேண்டும். அளவெடுத்துத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தோம் நாங்கள். அந்த ஒரு சாயங்காலத்தில் நான்கு பாயின்ட் இடம் மாறியது.

கான்கிரீட் அன்று கவர் பிளாக், அதாவது கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி வைக்கும் சின்னக் கட்டை, இருக்கிறதா என்று பாருங்கள். கலவையில் தண்ணீரைக் கூட்டினால் வேலைக்கு எளிது, பலம் குறையும். அப்புறம் தண்ணீர் ஊற்றுவது. பாத்தி கட்டி, நம் வெயிலுக்கு சாதாரண சிமென்ட் என்றால் பத்து நாள், பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமென்ட்) என்றால் பதினான்கு நாள். இதற்கென்று ஓர் ஆளைச் சம்பளத்துக்குப் போட வேண்டி வந்தாலும் போடுங்கள். முழு வீட்டிலும் இதைவிட லாபமான செலவு எனக்குத் தெரிந்து இல்லை.

வயரும் பைப்பும்

இதுதான் முதல் பட்டியலின் மையம். பூச்சு வேலை முடிந்துவிட்டால் ஒரு பாயின்ட் சேர்க்கவும் சுவரை வெட்ட வேண்டும்.

லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர் போடச் சொல்லுங்கள். கான்ட்ராக்டரின் பேக்கேஜில் ஏ.சி. ஓர் அறைக்குத்தான் இருக்கும். எல்லாப் படுக்கையறைக்கும் வயரை இழுத்து வைத்துவிடுங்கள், மெஷினைப் பிறகு வாங்கலாம். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். ஈரக்கையோடு பழுதான வாஷிங் மெஷினைத் தொடும் குழந்தையின் உயிரை அது காப்பாற்றும். அது இல்லாத பேக்கேஜ் என்றால் கூடுதல் காசு கொடுத்து வாங்குங்கள். எர்த்திங் சரியாக இருந்தால்தான் இதெல்லாம் முழுப் பயன் தரும்.

சமையலறையில் பிளக் பாயின்ட்களை எண்ணிப் பாருங்கள்: மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் சுத்திகரிப்பு, இண்டக்ஷன், சிம்னி. ஆறு வந்துவிட்டது. அடுப்பு மேடைக்கு மேல் குறைந்தது நான்கு, அதில் இரண்டு 16 ஆம்பியராக இருக்கட்டும். சமையல் செய்கிறவர்களிடம் கேட்காமல் இதை முடிவு செய்யாதீர்கள்.

வெறும் பைப்பை மட்டும் புதைத்து வைப்பது என்று ஒன்று உண்டு. வயர் வேண்டாம், காலிக் குழாயில் ஒரு கயிறு விட்டு மூடி வைத்தால் போதும். மொட்டை மாடியிலிருந்து மீட்டர் பெட்டிக்கு ஒன்று. நாளைக்கு சோலார் வரும். ஹாலிலிருந்து கேட்டுக்கு ஒன்று. காலிங் பெல்லும் கேமராவும் அதில் வரும். மீட்டரிலிருந்து கார் நிறுத்தும் இடத்துக்கு ஒன்று. மின்சார ஸ்கூட்டரோ காரோ வாங்கினால் 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். இன்வெர்ட்டருக்குத் தனி லைன். இவ்வளவுக்கும் குழாய் விலைதான்.

சோலார் பேனலை உடனே போடலாமா என்றால், கைக்காசு இருந்தால் தாராளமாக. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். ஒரு கிலோவாட் நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஏறக்குறைய நூறு சதுர அடி நிழல் விழாத இடம் கேட்கும். அதனால் மாடியில் தண்ணீர்த் தொட்டியை வடக்குப் பக்கம் வைக்க முடியுமா என்று பாருங்கள். தெற்கில் வைத்தால் அதன் நிழல் பேனல் மேல் விழும். இரண்டு மாதத்துக்கு 200, 250 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டுக்கு அவசரம் இல்லை, முதல் நூறு யூனிட்டுக்கு எப்படியும் காசில்லை.

தண்ணீர் பக்கம் வந்தால், போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் இரண்டு தொட்டி, இரண்டு லைன் போடுங்கள். சமையலறைக்கும் குளிக்கவும் நல்ல தண்ணீர், கழிவறைக்கும் செடிக்கும் உப்புத் தண்ணீர். ஒற்றை லைன் போட்ட வீடுகளில் இரண்டு வருடத்தில் ஷவரும் கீசரும் உப்பு படிந்து அடைவதைப் பார்த்திருக்கிறேன். சமையலறை சிங்குக்கும் வெந்நீர் லைன் ஒன்று இழுத்துவிடுங்கள். சுவருக்குள் போகும் குழாய்களைப் பூசும் முன் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். சின்னக் கசிவும் பூச்சுக்குப் பின் ஓதமாக வந்து பெயின்டை உரித்துவிடும்.

சோதனை முடிந்ததும் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுங்கள். ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படங்கள் கைகொடுக்கும்.

பாத்ரூம்

மாடிப் பாத்ரூமுக்குத் தளத்தை ஓரடி இறக்கிப் போடுவார்கள். அந்தப் பள்ளத்தில்தான் கசிவு தொடங்கும். நீர்க்கசிவு மருந்தை இரண்டு பூச்சு கொடுத்து, சுவரில் ஓரடி ஏற்றி, தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழ் அறைக் கூரையில் ஈரம் தெரியாவிட்டால்தான் நிரப்ப அனுமதி. அவசரப்படுத்துவார்கள். அசையாதீர்கள்.

தரைக்கு வழவழ டைல்ஸ் வேண்டாம்; கடையில் சறுக்காத டைல்ஸ் என்று கேட்டு, ஈரப்படுத்தி வெறுங்காலால் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். கழிவறைக்குப் பக்கத்தில் பிடிமானக் கம்பி வரும் இடத்தைக் குறித்து, அந்த இடத்தில் செங்கல் கட்டச் சொல்லுங்கள். ஏ.ஏ.சி. பிளாக் (எடை குறைந்த நுரைக் கான்கிரீட் கல்) சுவரில் சாதாரணத் திருகாணி ஒரு பெரிய ஆளின் எடையைத் தாங்காது.

கடைசி வேலைகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். தேக்கு ஆசை இருந்தால் தலைவாசலுக்கு மட்டும் வையுங்கள். கொசுவலை எல்லா ஜன்னலுக்கும் வேண்டும். சமையலறைக்கு கிரானைட் மேடையும் சிங்கும் இப்போதே. கேபினெட்டுகளைப் பகுதி பகுதியாகச் செய்யலாம். செய்யும்போது சிங்குக்கு அடியிலாவது தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 பிளைவுட் கேளுங்கள். சாதாரணப் பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும். பி.எல்.டி.சி. என்ற மின்சாரம் மிச்சமாக்கும் மோட்டார் வைத்த ஃபேன் சாதாரண ஃபேனைவிட 40 வாட்டுக்கு மேல் குறைவாக இழுக்கும், நல்ல பொருள்தான். ஆனால் எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம் என்பதால் இரண்டாம் பட்டியல். இத்தாலி மார்பிள், குரலுக்குக் கேட்கும் லைட், குளியல் தொட்டி மூன்றையும் நான் யாருக்கும் சொல்வதில்லை. நம் வீடுகளில் குளியல் தொட்டி ஆறு மாதத்தில் துணி ஊற வைக்கும் இடமாகிவிடுகிறது.

கடைசித் தவணையில் ஒரு பங்கை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும் வரை நிறுத்தி வைப்பதாக அக்ரிமென்டிலேயே எழுதியிருந்தால் நல்லது. சாவி வாங்கும் நாளில் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தி மின்சாரம் நிற்கிறதா என்று பாருங்கள், எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிடுங்கள், பாத்ரூம்களில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பாருங்கள். மழை வந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரங்களையும் மேற்கூரை மூலைகளையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, கசிவு இல்லையென்றால் மீதித் தொகையைக் கொடுத்து கணக்கை முடியுங்கள்.